உங்கள் புளோக் ஏன் இப்படி இருக்கிறது? பாதுகாப்பான, அழகான பேட்டை உருவாகும் விதம்

பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை, பிறந்ததிலிருந்து ஒரே புளோக்கில்தான் இருக்கிறீர்களா? எதுவாக இருந்தாலும், தினமும் பார்த்துப் பழகிய சில விஷயங்களை நாம் கேள்வியே கேட்பதில்லை. மின்தூக்கிக் கதவில் ஏன் கண்ணாடி? கீழ்த்தளம் ஏன் காலியாக இருக்கிறது? சந்தை எப்படி எப்போதும் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது? பக்கத்தில் இருக்கும் காடு எப்போது வரை காடாக இருக்கும்?

இவை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. சில முடிவுகள் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. சில முடிவுகள் பற்றி இன்னமும் வாதம் நடக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

சிங்கப்பூரின் நிலப்பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதில் 6 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறோம். சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டரில் 8,000 பேருக்கும் மேல். அந்த நிலத்திலேயே விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பயிற்சித் தளம், நீர்த்தேக்கம், தொழிற்சாலை எல்லாம் இருக்க வேண்டும்.

மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 10இல் 8 பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில்தான் இருக்கிறார்கள். அப்படின்னா, கழகத்தின் வரைபடத்தில் ஒரு கோடு கொஞ்சம் தள்ளிப் போட்டாலும், அது பல்லாயிரம் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை மாற்றும். ஒரு பாட்டி சந்தைக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தக் கோடு முடிவுசெய்யும்.

எல்லாம் எங்கே தொடங்கியது?

1960ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வீவக அமைக்கப்பட்டது. அப்போது நகரைச் சுற்றிப் பெரிய கம்பங்கள் இருந்தன. அத்தாப்புக் கூரை, துத்தநாகத் தகடு, பலகைச் சுவர், வீட்டுக்கு வீடு ஒட்டிய குறுகலான சந்து. தீயணைப்பு வண்டி உள்ளே நுழையவே இடமில்லை.

1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீ மூண்டது. 4 பேர் உயிரிழந்தனர். 2,800க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். ஒரு நாளில் ஒரு சிறிய ஊரே காணாமல் போனதைப் போன்ற நிலை.

புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு அது பெரிய சோதனை. ஓராண்டுக்குள் அதே வட்டாரத்தில் முதல் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. முதல் 5 ஆண்டுகளில் தீவு முழுவதும் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் காலத்து புளோக்குகள் பார்க்க அழகாக இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. நீளமான பெட்டி மாதிரி, ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் செங்கல், கான்கிரீட் சுவர், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, தீயணைப்பு வண்டி வரக்கூடிய அகலமான சாலை எல்லாம் இருந்தன. அன்றைக்கு அதுதான் அவசரம்.

வீட்டுப் பற்றாக்குறை குறையக் குறைய, அடுத்த கேள்வி வந்தது. கூரை கிடைத்துவிட்டது. இனி இங்கே வாழ்வது எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நகரம், பல கிராமங்கள்

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் கட்டடக் கலைஞர் லியூ தாய் கெர். 1969இல் வீவகவில் சேர்ந்தவர். பின்னர் அதன் தலைமை நிர்வாகியாகவும், நகரச் சீரமைப்பு ஆணையத்தின் தலைமைத் திட்ட வரைவாளராகவும் இருந்தவர். புதிய நகரங்களுக்கான அளவுகோலை வகுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த அமைப்பு ஓர் அடுக்குமுறை. மேலே நகரம்: அங் மோ கியோ, தெம்பனிஸ், ஈசூன் மாதிரி. அதற்கென ஒரு நகர மையம், எம்ஆர்டி நிலையம், பேருந்து முனையம், நூலகம். நகரத்துக்குள் பல அக்கம்பக்கங்கள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் வீடுகள், ஒரு சந்தை, ஓர் உணவங்காடி நிலையம், மளிகைக் கடைகள். அக்கம்பக்கத்துக்குள் சிறு சிறு தொகுதிகள். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 400 முதல் 800 வீடுகள். நடுவில் ஒரு விளையாட்டு மைதானமோ பொது இடமோ இருக்கும்.

அக்கம்பக்க மையம் எல்லா வீடுகளிலிருந்தும் சுமார் 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சாதாரண நடையில் 5 நிமிடம். ஏன் இந்த எண்? வயதானவர் ஒருவர் இரண்டு பை காய்கறியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதைத் தாண்டினால் பேருந்து வேண்டும், கார் வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளை எதிர்பார்க்க வேண்டும்.

இன்னொரு உத்தியும் உண்டு. உயரமான புளோக்குகளுக்கு இடையே பள்ளிக்கூடம், பூங்கா, சமூக மன்றம் போன்ற தாழ்வான இடங்களைச் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாற்றி மாற்றி வைப்பது. மொத்த எண்ணிக்கையில் நெருக்கடி குறையாது. ஆனால் சன்னலைத் திறந்தால் வானம் தெரியும்.

பார்க்கிற கண்கள் இருந்தால்

பாதுகாப்பு என்றதும் பூட்டு, கம்பிக் கதவு, கேமரா ஆகியவைதான் நினைவுக்கு வரும். நகரத் திட்டமிடுவோர் அதற்கு முன்னாலேயே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

1961இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பவர்கள் காவல்துறையினர் மட்டும் இல்லை. கடைக்காரர், சன்னலோரம் நிற்பவர், வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர் என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாரும்தான். பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் தப்பு செய்யத் தயக்கம் வரும். 1972இல் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் இன்னொன்றைச் சேர்த்தார். ஓர் இடம் யாருடையது என்பது தெளிவாக இருந்தால், அங்கே வசிப்பவர்களே அதைக் காப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் புளோக்கைப் பாருங்கள்.

மின்தூக்கிக் கதவில் கண்ணாடிப் பட்டை இருப்பதால், உள்ளே யார் இருக்கிறார் என்று ஏறுவதற்கு முன்பே தெரியும். தனியாக வீடு திரும்பும் மாணவிக்கு அந்த ஒரு விநாடி முக்கியம். படிக்கட்டுகள் பல இடங்களில் திறந்தவெளியாக இருப்பதால் மறைந்திருக்க முடியாது, புகையும் சேராது. பழைய புளோக்குகளில் மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே தாழ்வாரம் ஓடும். பல வீட்டார் கடந்துபோவதால், வருகிறவர் அண்டைவீட்டுக்காரரா, புதியவரா என்றே தெரியாது. பிறகு தாழ்வாரங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். சில வீடுகள் மட்டும் ஒரு தாழ்வாரத்தைப் பகிர்ந்தால், முகம் பழகிவிடும்.

கீழ்த்தளத்தைக் காலியாக விட்டதும் அப்படித்தான். 1960களில் சில புளோக்குகளில் தொடங்கி, பிறகு வழக்கமாகிவிட்ட இந்த வெற்றுத்தளத்தில் மழைக்கு ஒதுங்கலாம். திருமணம் நடக்கும், துக்க வீட்டுக்கு வந்தவர்கள் உட்காருவார்கள், தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவார்கள். காற்றும் ஊடுருவிப் போகும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தெளிவாகத் தெரியும். யாரோ ஒருவர் எப்போதும் கண்ணில் படுவார்.

இதற்கு மேல்தான் கேமரா. 2012இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் காவல்துறை, 2016க்குள் சுமார் 10,000 வீவக புளோக்குகளிலும் பலமாடி கார் நிறுத்துமிடங்களிலும் கேமராக்களைப் பொருத்தியது. கடன்முதலைகள் வீட்டு வாசலில் சாயம் ஊற்றித் தொல்லை கொடுத்த காலத்தில் அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முன்பு மின்தூக்கியில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க ஒரு கருவியே வைத்தார்கள். சிறுநீர் பட்டால் மின்தூக்கி நின்றுவிடும், செய்தவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அப்போது அது உண்மையான தலைவலி!

வீட்டு வாசலில் 1.2 மீட்டர்

கம்பத்துத் தீயின் பாடம் இன்னும் முடியவில்லை. இப்போது அபாயம் வேறு வடிவத்தில் வருகிறது: இரவு முழுக்க மின்னூட்டப்படும் மின்ஸ்கூட்டர் மின்கலன், தாழ்வாரத்தில் குவிந்திருக்கும் பழைய செய்தித்தாள், ஆளில்லாத சமையலறையில் எரியும் அடுப்பு.

2018ஆம் ஆண்டு ஜூன் முதல் புதிய வீடுகள் எல்லாவற்றிலும் தீ எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது விதி. 1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் வீடுகளில் தடித்த சுவரும் இரும்புக் கதவும் கொண்ட பாதுகாப்பு அறை உண்டு. நம்மில் பலர் அதை 'பாம் ஷெல்டர்' என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் அடுக்கிவைத்திருப்போம். பொருள் வைக்கலாம். ஆனால் அதன் சுவரை இடிப்பதோ, கதவைக் கழற்றுவதோ கூடாது.

தாழ்வாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி தடையின்றி இருக்க வேண்டும் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை சொல்கிறது. தூக்குப்படுக்கையோடு ஓடிவரும் மருத்துவ உதவியாளருக்கும், புகையில் சுவரைத் தடவிக்கொண்டு வெளியேறுகிறவருக்கும் தேவையான இடம் அது. வாசலில் துளசித் தொட்டி வையுங்கள், கோலம் போடுங்கள், மாவிலை கட்டுங்கள். அதனால்தான் தாழ்வாரத்துக்கு உயிர் வருகிறது. அந்த 1.2 மீட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். செருப்பு அலமாரியும் மிதிவண்டியும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால், ஆபத்து பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கும் சேர்த்துத்தான்.

சாலையை வளைத்தால் உயிர் தப்பும்

பள்ளியில் படித்த இயற்பியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வாகனம் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கும் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கும் உள்ள வித்தியாசம், பெரும்பாலும் ஒரு உயிர்.

'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தால் போதுமா? நேரான, அகலமான சாலையைக் கண்டால் கால் தானாகவே அழுத்தும். அதனால் சாலையையே மாற்றுகிறார்கள். 2014 முதல் முதியோர் அதிகம் வசிக்கும் இடங்களில் 'சில்வர் ஸோன்' எனும் பாதுகாப்புப் பகுதிகளை நிலப் போக்குவரத்து ஆணையம் அமைத்துவருகிறது. அங்கே சாலை லேசாக வளையும், தடம் குறுகும், வேக வரம்பு குறையும். சாலை நடுவே நின்று, இரண்டு கட்டமாகக் கடக்க இடம் இருக்கும். சில சந்திப்புகளில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால், பச்சை விளக்கு கூடுதல் விநாடிகள் எரியும்.

நடைபாதையிலும் இதே பிரச்சினைதான். 2019ஆம் ஆண்டு நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து, மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே 'நடப்போருக்கு மட்டும்' என்று குறிக்கப்பட்ட பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதும் குற்றம். உணவு விநியோகிப்பவருக்கு நேரம் பணம். கைக்குழந்தையோடு நடக்கும் அம்மாவுக்கு நிம்மதி தேவை. ஒரே பாதையில் இரண்டையும் திணித்தால் சண்டைதான் வரும். பாதையை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துக் கட்டினால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். புதிய நகரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெயில், காற்று, மழை

வீடு வாங்கப் போகும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி என்ன? "மேற்கு வெயில் அடிக்குமா?" அம்மா கேட்பது சரியான கேள்வி. நில நடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிழக்கு மேற்காகவே நம் தலைக்கு மேல் போகிறது. பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் இறங்கினால், அந்தச் சூடு இரவு வரை அறையில் தங்கும். அதனால் இடம் அனுமதித்தால், புளோக்கின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி வைப்பார்கள். பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த புளோக் எந்த புளோக்கின் காற்றைத் தடுக்கிறது என்பதையெல்லாம் இப்போது கணினி மாதிரியில் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவுசெய்கிறார்கள்.

தண்ணீருக்கு நல்ல உதாரணம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக ஓடியது. வேலி போட்டு, யாரும் இறங்காதபடி வைத்திருந்தார்கள். அதை உடைத்து, வளைந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி, 2012இல் திறந்தார்கள். கரையில் புல், பாறை, செடிகள். பிள்ளைகள் தண்ணீரில் காலை நனைக்கலாம். கனமழை பெய்தால் பூங்காவின் ஒரு பகுதியே ஆற்றுக்கு இடம்கொடுக்கும். அது வெள்ளத்தை மெதுவாகக் கடத்தும்.

அப்போ ஆபத்து இல்லையா? உண்டு. அதனால் நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கை ஒலி எழும், விளக்கு எரியும். கரையோரம் மிதவை வளையங்கள் இருக்கின்றன. முன்பு வேலிதான் பாதுகாப்பு. இப்போது அகலமான கரையும் எச்சரிக்கையும் அந்த வேலையைச் செய்கின்றன.

டிராகன் எங்கே போனது?

பாதுகாப்பும் அழகும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. விளையாட்டு மைதானங்களைப் பாருங்கள்.

1970களின் இறுதியில் வீவகவின் வடிவமைப்பாளர் கோர் இயன் கீ, சின்னச் சின்னச் சில்லுகள் பதித்த டிராகன் வடிவ விளையாட்டு மைதானத்தை உருவாக்கினார். தோ பாயோவில் இருக்கும் அந்த ஆரஞ்சு நிறத் தலை இன்றும் பிரபலம். யானை, புறா, தர்பூசணி என்று பல வடிவங்கள் வந்தன. தரையில் மணல்.

1990களில் நிலைமை மாறியது. மணலில் அழுக்கு சேர்கிறது, கான்கிரீட்டில் விழுந்தால் அடிபடும் என்ற கவலை. மணலுக்குப் பதில் ரப்பர் தரை, கான்கிரீட்டுக்குப் பதில் இறக்குமதியான பிளாஸ்டிக் சாதனம். பாதுகாப்பு கூடியது. ஆனால் எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரே சறுக்கு, ஒரே ஏணி. 'எங்கள் மைதானம்' என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

இப்போது பல வட்டாரங்களில் அந்தந்த இடத்தின் கதையைச் சொல்லும் மைதானங்கள் திரும்ப வருகின்றன, ரப்பர் தரையோடுதான். அடையாளம் என்பது வெறும் அலங்காரம் கிடையாது. மறதிநோய் உள்ள ஒருவருக்கு, ஒன்றுபோல் இருக்கும் பத்து புளோக்குகளில் தன் வீட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. சுவர் நிறையப் பெரிய எண்ணும், நிறமும், ஒரு பழத்தின் படமும் இருந்தால், அதைப் பார்த்து அவர் வீடு சேர்வார். சில பேட்டைகளில் அதற்காகவே சுவர்களில் படம் வரைந்திருக்கிறார்கள்.

மின்தூக்கி நிற்காத மாடி

வயது கூடும்போது ஒரு வீட்டின் குறைகள் தெரியத் தொடங்கும். 1990க்கு முன் கட்டிய பல புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. இளம் தம்பதிக்கு இரண்டு மாடி இறங்குவது ஒன்றுமே இல்லை. 40 ஆண்டு கழித்து அதே மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தால், அந்த இரண்டு மாடி ஒரு சிறை.

2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் இதைத்தான் சரிசெய்தது. தகுதியுள்ள வீட்டாரில் 75 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தால் வேலை தொடங்கும். ஆயிரக்கணக்கான புளோக்குகள் பலனடைந்தன. இன்னும் சில புளோக்குகளில் செய்ய முடியவில்லை. கட்டட அமைப்பு இடம்கொடுக்காது, அல்லது மிகச் சில வீடுகளுக்காக மிகப் பெரிய செலவாகும். அங்கே இருப்பவர்களுக்கு இது இன்றைக்கும் அன்றாடப் பிரச்சினை.

முதலிலேயே யோசித்துக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு உட்லண்ட்ஸில் இருக்கும் கம்போங் அட்மிரல்டி ஒரு பதில். மூத்தோருக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு எல்லாம் ஒரே கட்டடத்தில், மேலே அடுக்கடுக்காய்த் தோட்டங்களோடு. 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்று அது தேர்வானது.

பக்கத்து வீட்டில் யார்?

பாதுகாப்பு என்பதில் இன நல்லிணக்கமும் அடங்கும் என்பது சிங்கப்பூர் எடுத்த முடிவு. 1980களில், சில நகரங்களில் ஓர் இனத்தவர் குவிவதை அரசாங்கம் கவனித்தது. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் அறிவித்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, 1989ஆம் ஆண்டு மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. ஒவ்வொரு புளோக்குக்கும் அக்கம்பக்கத்துக்கும் இனவாரியாக ஓர் உச்சவரம்பு உண்டு. இப்போது ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25 விழுக்காடு, இந்தியரும் பிற இனத்தவரும் 15 விழுக்காடு வரை இருக்கலாம்.

தமிழ்க் குடும்பங்கள் இதை இரண்டு விதமாக உணர்கின்றன. ஒன்று, தீபாவளிப் பலகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லா இனத்திலும் அண்டைவீட்டார் இருக்கிறார்கள். இன்னொன்று, வீட்டை விற்கும்போது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்கள் குறைந்துபோவார்கள், காத்திருக்க வேண்டும், சில சமயம் விலையையும் குறைக்க வேண்டியிருக்கும். இந்தச் சுமை சிறுபான்மையினர் மேல் கூடுதலாக விழுகிறது என்பதை அரசாங்கமே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்டுள்ளது. நீண்டகாலம் வீட்டை வைத்திருந்து, முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து வீவக வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டு மார்ச்சில் வந்தது.

வீடு வாங்கும் முன்பே வீவக இணையத்தளத்தில் அந்த புளோக்கின் வரம்பு நிலவரத்தைப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காடா, வீடா?

இன்றைய தலைமுறையின் பெரிய கேள்வி இதுதான். வீடு வேண்டும், சீக்கிரம் வேண்டும், கட்டுப்படியான விலையில் வேண்டும். மரமும் வேண்டும்.

மேற்கே இருக்கும் தெங்கா அதற்கான பரிசோதனைக் களம். சுமார் 700 ஹெக்டரில், ஏறத்தாழ 42,000 வீடுகள் கட்டத் திட்டம். நகர மையத்தில் கார் தரைமட்டத்தில் ஓடாது, கீழே போய்விடும். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்தில் ஒரு காட்டுப் பாதையை விட்டுவைக்கிறார்கள். மேற்கிலும் மத்தியிலும் உள்ள நீர்ப்பிடிப்பு வனப்பகுதிகளுக்கு இடையே விலங்குகள் போய்வர அது வழி. நல்ல திட்டம். அதே சமயம், அங்கே முன்பு அதைவிடப் பெரிய காடு இருந்தது என்பதையும் இயற்கை ஆர்வலர்கள் நினைவூட்டுகிறார்கள். இரண்டுமே உண்மை.

டோவர் காட்டின் கதை கொஞ்சம் வேறு. 33 ஹெக்டர் பரப்புள்ள அந்த இடம் குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது பலர் எழுதினார்கள், கையெழுத்து திரட்டினார்கள். 2021இல் திட்டம் மாறியது. கிழக்குப் பாதியில் வீடுகள் வரும். மேற்குப் பாதியை ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குத் தொட மாட்டார்கள், அதில் ஓர் இயற்கைப் பூங்காவும் இருக்கும். யாருக்கும் முழு வெற்றி இல்லை. ஆனால் குடிமக்கள் சொன்னது வரைபடத்தில் ஏறியது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

நகரச் சீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 5 ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுஆய்வு செய்கிறார்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். இந்த நான்கையும் கவனியுங்கள்.

நிறம். ஒவ்வொரு நிறமும் ஒரு பயன்பாடு. உங்கள் சன்னலுக்கு எதிரே மரங்கள் தெரியலாம். வரைபடத்தில் அது பூங்காவின் நிறத்தில் இருக்கிறதா, குடியிருப்பின் நிறத்தில் இருக்கிறதா? இரண்டாவது என்றால், ஒருநாள் அங்கே புளோக் வரும்.

எண். குடியிருப்பு நிலத்தின் மேல் 2.8, 3.0 என்று எழுதியிருக்கும். நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதன் அளவு அது. 10,000 சதுர மீட்டர் நிலத்தில் 2.8 என்றால், எல்லா மாடிகளும் சேர்ந்து 28,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். எண் கூடினால் உயரமும் நெருக்கமும் கூடும்.

நடைவழி. பிடிஓ விளம்பரத்தில் எம்ஆர்டி 'பக்கத்தில்' என்று இருக்கலாம். நேர்கோட்டில் அளக்காதீர்கள். எத்தனை சாலை கடக்க வேண்டும், கூரையுள்ள நடைபாதை உண்டா, தாத்தாவால் நடக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு மாலை நேரத்தில் நேரில் போய் நடந்து பாருங்கள்.

புளோக்கின் இடம். தொகுதி வரைபடத்தில் குப்பைச் சேகரிப்பு இடம், பலமாடி கார் நிறுத்துமிடம், விரைவுச்சாலை எந்தப் பக்கம்? வடக்கு எந்தத் திசை? அம்மாவின் மேற்கு வெயில் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

வீடு வாங்கும் வயது இன்னும் வரவில்லையா? பரவாயில்லை. உங்கள் பேட்டையில் விளக்கு எரியாத நடைபாதை, பார்வையை மறைக்கும் புதர், சாலையைக் கடக்கத் திணறும் முதியவர்கள் இருக்கும் சந்திப்பு ஆகியவற்றை முதலில் பார்ப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு அனுப்புங்கள். நகர மன்றத்துக்கோ வசிப்போர் குழுவுக்கோ சொல்லுங்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்கான வாக்கெடுப்போ கருத்துக் கேட்போ உங்கள் வட்டாரத்தில் நடந்தால், வீட்டில் பெரியவர்களிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்குங்கள். எதிரே வரப்போவது பூங்காவா, புளோக்கா என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?